பதினேழு தசம் நாலு

டொக்டர் தாஸிம் கடுதாசியை மேசைமேல் திருப்பி நவரட்ணராஜாவின் பக்கம் தள்ளினார். பேனை முனையால் ஓர் எண்ணைத் தொட்டுக் காட்டினார். பதினேழு தசம் நாலு. எவ்வளவுக்குள் இருக்கவேண்டும் என்பதையும் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். நாலுக்குள்.

"கொஞ்சம் கூட இல்ல ஐயா. மிச்சம் கூட," என்றார் டொக்டர்.

நவரட்ணராஜா எண்ணைப் பார்த்தார். அது அவரை ஒன்றுமே செய்யவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரில் போன மாதத்தாள் இன்னும் கிழிக்கப்படாமல் இருந்ததுதான் கண்ணில் பட்டது. யாராவது கிழிக்கலாமே என்று நினைத்தார். பக்கத்துக் கதிரையில் மனைவி இரஞ்சிதம் கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த பி.எஸ்.ஏ. டெஸ்ட் கேன்சர் எண்டு சொல்றதில்ல," என்று டொக்டர் விளக்கினார். "புரஸ்டேட் சுரப்பிக்கு ஏதோ கரைச்சல் எண்டு மட்டும்தான் சொல்லும். கேன்சர் வந்தாலும் ஏறும். சும்மா வீங்கினாலும் ஏறும். சலம் போகாம அடைச்சாலும், அத எடுக்கக் குழாய் போட்டாலும், கிருமி பிடிச்சாலும் ஏறும். விரல் வெச்சுப் பார்த்தேனே, பெருத்துத்தான் இருக்கு. ஆனா கட்டி மாதிரி ஒண்டும் தட்டுப்படல்ல. அதுதான் எனக்கு யோசனை. சொல்லுங்க ஐயா, கிட்டடியில சலம் அடைச்சதா? குழாய் ஏதும் போட்டாங்களா? காய்ச்சல்?"

"இல்லை டொக்டர்," என்றார் நவரட்ணராஜா.

"ஒண்டுமில்லை," என்றாள் இரஞ்சிதமும், அதே மூச்சில். "கொழும்பில ஒரு கலியாணத்துக்குப் போட்டு வந்தவர். கொஞ்சம் அலைச்சல். அவ்வளவுதான்."

கொழும்பில் அப்படி ஒரு கலியாணம் நடக்கவில்லை. நவரட்ணராஜா கொழும்புக்குப் போகவும் இல்லை.

டொக்டருக்கு அது எப்படித் தெரியும்? அவர் தலையை ஆட்டினார். நவரட்ணராஜாவின் அண்ணனுக்குப் புரஸ்டேட் கேன்சர் வந்தபடியால் சும்மா விட முடியாது, கொழும்புக்குப் போய் ஊசியால் சுரப்பியில் சதை எடுத்துச் சோதிப்பதுதான் நல்லது என்றார். அங்கே தனக்குத் தெரிந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் நாளும் குறித்துக் கொடுத்தார். இருவரும் நன்றி சொல்லி எழும்பினார்கள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

நவரட்ணராஜா யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி மாநகரசபையின் தண்ணீர்ப் பகுதிக்கு வேலைக்கு வந்தபோது மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே தலை நரைத்து, அங்கிருந்தே பென்ஷன் எடுத்தார். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் ஓடுகிறது, எந்த வால்வைத் திருகினால் எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவருக்குக் கைரேகை மாதிரி. ஹந்தானை மலைப் பக்கத்தில் வீடு கட்டிய பெரிய மனிதர்கள் தண்ணீர் ஏறவில்லை என்றால் பொறியியலாளரைத் தேடமாட்டார்கள், இவரைத்தான் தேடுவார்கள். இவரும் உடனே போய்விடமாட்டார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போவார். அந்தளவு கெப்பரும் மிடுக்கும் அவரிடம் எப்போதும் இருந்தது.

தமிழருக்கு எதிரான எழுபத்தேழு கலவரத்தில் மனைவியையும் மகளையும் பம்ப் அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு இருந்தார். மோட்டர் இரைந்துகொண்டிருந்ததால் வெளியே நடந்தது எதுவும் காதில் விழவில்லை. எண்பத்துமூன்றில் பம்ப் அறைக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. டவுனில் அவர்கள் இருந்த வீடு அலுமாரியோடும் கதிரையோடும் மகளின் பள்ளிக்கூடப் பையோடும் எரிந்துபோயிற்று. தீயணைக்கத் தண்ணீர் வேண்டுமென்று சபை லொறி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. அவர் வால்வுகளைத் திறந்துவிட்டார். எரித்தவர்களின் வீடுகளுக்கும் அன்றைக்குத் தண்ணீர் போயிற்று.

அதற்குப் பிறகு மனிதர் மரத்துப்போனார். இரஞ்சிதம் அப்படித்தான் சொல்வாள். யாழ்ப்பாணத்தில் தாய் செத்துப்போன செய்தி போரால் பாதை அடைத்திருந்த காலத்தில், செத்தவீடு முடிந்து வெகுநாள் கழித்து வந்தது. அதைக் கேட்டுவிட்டு, "சோறு ஆறுது, சாப்பிடுவம்" என்றார். மகள் நோர்வேக்குக் கலியாணமாகிப் போகும்போது விமானநிலையத்தில் எல்லோரும் அழுதார்கள். அவர் மட்டும் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்நெஞ்சன் என்று சொந்தக்காரர் சொன்னார்கள். கல்நெஞ்சு ஒன்றுமில்லை. உள்ளே எந்த வால்வையோ மூடிவிட்டு, எங்கே மூடினேன் என்பதை மறந்துவிட்ட மனிதர், அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கொழும்புக் கலியாணத்துக்கு வருவோம். தொண்ணூற்றெட்டில் தலதா மாளிகையடியில் குண்டு வெடித்ததோடு கண்டித் தமிழருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. வீட்டு ஆம்பிளையை விசாரணைக்குக் கொண்டுபோனால், கேட்பவர்களுக்கு "கொழும்புக்குப் போட்டார்" என்று சொல்லவேண்டும். கலியாணம் என்றோ, பாஸ்போர்ட் அலுவல் என்றோ, கண் ஒப்பரேஷன் என்றோ ஒரு காரணமும் சேர்த்துக்கொள்ளவேண்டும். உண்மையைச் சொன்னால் வீட்டுக்காரன் வீட்டை விடச் சொல்வான், கடைக்காரன் முகத்தைத் திருப்புவான் என்று பயம். யாரும் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் இதே பதில்தான். இதைப் பழகாத தமிழ் வீடு அந்த நாளில் கண்டியில் இருந்ததா என்பது சந்தேகம்.

அடுத்த வருஷம் நவரட்ணராஜாவின் முறை வந்தது. ஒருநாள் காலையில் சந்தைக்குப் போனவரை வீதியில் நிறுத்தினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார்கள். மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கண்டித் தண்ணீர்க் குழாய் முழுக்க எனக்குத்தான் தெரியும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு யாழ்ப்பாணத்தான் சொல்லக்கூடிய பேச்சா அது? நகரத்தின் குடிதண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பது ஒரு தமிழனின் தலைக்குள் இருக்கிறதென்று தெரிந்ததும் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

பொலிசில் ஒரு நீள மரவாங்கில் இருக்கவைத்தார்கள். யாரும் அவருக்கு அடிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவர் கேட்காமல் எழும்பி நின்றதற்குக் கன்னத்தில் ஒன்று வாங்கினார். அதைப் பார்த்தபின் நவரட்ணராஜா அசையவில்லை. மத்தியானம் சலம் முட்டியது. கேட்டால் என்ன ஆகும் என்று தெரியாததால் கேட்கவில்லை. பின்னேரமாகும்போது அடிவயிறு உரல் மாதிரி இறுகிப்போயிற்று. இரஞ்சிதம் ஓடித்திரிந்து, அவரோடு வேலைபார்த்த சிங்கள ஓவர்சியரைக் கூட்டிவந்து, பொழுது பட அவரை வெளியே எடுத்தாள். வெளியே வந்து மதிலோரம் நின்றார். ஒரு சொட்டும் வரவில்லை. கண்டிக்கே தண்ணீர் திறந்துவிட்டவருக்குத் தன் வால்வு திறக்கவில்லை.

ஒரு சின்ன டிஸ்பென்சரியில் குழாய் போட்டுச் சலத்தை எடுத்தார்கள். "எங்க போய் இப்பிடி அடக்கி வெச்சீங்க?" என்று அங்கே இருந்தவர் கேட்டார். "கொழும்புக் கலியாணத்துக்குப் போட்டு வரேக்கை, பஸ்ஸிலை," என்று இரஞ்சிதம் சொன்னாள். அந்தக் கலியாணம் அப்போதுதான் பிறந்தது. டிஸ்பென்சரிக்காரர் குழாயைக் கழற்றிவிட்டு நாலைந்து குளிசை கொடுத்து அனுப்பினார். அதன்பிறகு நவரட்ணராஜாவுக்குச் சலம் எரிந்துகொண்டே போயிற்று. அவர் அதையும் வெளியே சொல்லவில்லை.

டொரொன்டோவில் இருக்கும் அண்ணன் இராஜரத்தினத்தின் டெலிபோன் வந்தது அந்தக் கிழமைக்குள்தான். தனக்குப் புரஸ்டேட் கேன்சர் கண்டுபிடித்து ஒப்பரேஷன் முடிந்துவிட்டதாம். "இது கூடப்பிறந்த ஆம்பிளையளுக்கும் வாறதாம். நீ உடனை இரத்தம் சோதிச்சுப் பார். ஒத்திப்போடாதை," என்றார். தம்பி அண்ணன் சொல் தட்டாதவர். மறுநாளே கண்டியில் இரத்தம் கொடுத்தார். இரத்தம் உண்மையாகவே கொழும்புக்குப் போய், பதினேழு தசம் நாலோடு திரும்பி வந்தது.

குழாய் போட்டதற்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லையா என்று கேட்டால், தோன்றியதுதான். டொக்டர்தான் பச்சையாகக் கேட்டாரே. ஆனால் ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும். குழாய் என்றால் ஏன் என்று வரும், அடைப்பு என்றால் எங்கே என்று வரும். டொக்டருக்கு அவர்கள் வாடகைக்கு இருக்கும் கட்டுகஸ்தோட்டையில் எல்லோரையும் தெரியும், வீட்டுச் சொந்தக்காரர் உட்பட. எண்பத்துமூன்றில் ஒரு வீடு போயிற்று. கட்டுகஸ்தோட்டை வீட்டையும் விட்டு இந்த வயதில் எங்கே போவது?

"கேன்சர் எண்டால் கேன்சர்," என்றார் நவரட்ணராஜா, பஸ்ஸில் வரும்போது. தக்காளிப்பழம் விலை கூடிவிட்டது என்று சொல்லும் குரலில் சொன்னார்.

"உங்களுக்குப் பயமில்லையே?"

"என்னத்துக்கு?"

இரஞ்சிதத்துக்குக் கோபம் வந்தது. மனிதர் சாகப்போகிறாரோ என்று அவள் பதைக்கிறாள், இவர் சன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்க்கிறார்.

போகவேண்டிய நாளுக்கு முதல்நாள் காலையில் இரஞ்சிதம் முன்னறைக் கட்டிலில் உடுப்புகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். சாரம், துவாய், அவருடைய மருந்து. வீட்டுக்காரரின் மனைவி சகீனா வாசலில் வந்து நின்றாள். கையில் மூடிபோட்ட வட்டில்.

"எங்கேக்கா பயணம்?"

"கொழும்புக்கு. சொந்தத்துக்குள்ளை ஒரு அலுவல்."

சகீனாவின் முகம் மாறிவிட்டது. வட்டிலை மேசையில் வைத்துவிட்டுக் கிட்டே வந்து, குரலைத் தணித்தாள். "திரும்பவும் கொண்டுபோகப் போறாங்களா அக்கா? கடிதம் ஏதும் வந்ததா?"

இரஞ்சிதம் மடித்த சாரத்தை உதறித் திரும்பவும் மடித்தாள்.

"என்கிட்ட மறைக்கத் தேவையில்ல அக்கா. போன முறையும் கொழும்புக் கல்யாணம் எண்டுதான் சொன்னீங்க. சந்தையடியில ஐயாவை ஜீப்புல ஏத்தினத எங்கட பொடியன் ஷிராஸ் கண்டுட்டு ஓடிவந்து சொன்னான். அண்டைக்கு நாங்க யாரும் சாப்பிடல்ல. பொழுதுபட ஐயா வந்து இறங்கினதக் கண்டதுக்குப் பொறகுதான் எங்கட மனுஷன் கடைய மூடினார்."

"உங்களுக்குத் தெரியுமோ?" என்றாள் இரஞ்சிதம்.

"ரோட்டுக்கே தெரியும். பேக்கரிக்காரனுக்கும் தெரியும். நீங்க சங்கடப்படுவீங்க எண்டு யாரும் கேட்கல்ல."

"வீட்டை விடச் சொல்லுவியள் எண்டு நினைச்சம்."

"யா அல்லாஹ்," என்றாள் சகீனா. அவளுக்கு உண்மையாகவே மனம் நொந்துபோயிற்று. "எத்தன வருஷமா எங்கட வீட்டுல ஈக்கிறீங்க. எங்கள இப்பிடியா அக்கா நெனச்சீங்க?"

உள் அறையில் இருந்து நவரட்ணராஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். பேக்கரிக்காரனுக்குக்கூடத் தெரியும். தெரிந்திருக்கவேண்டிய ஒரே ஆளுக்கு, டொக்டருக்குத்தான் தெரியாது. அவருக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும், அல்லது வெட்கம் வந்திருக்கவேண்டும். இரண்டும் வரவில்லை. ஆனால் எழும்பிச் சேட்டைப் போட்டுக்கொண்டார்.

"எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்றாள் இரஞ்சிதம்.

"டொக்டரட்டை. நீரும் வாரும்."

டொக்டர் தாஸிமின் அறையில் அன்றைக்குக் கூட்டம். கடைசியாகத்தான் உள்ளே போனார்கள். நவரட்ணராஜா கதிரையில் இருக்கவில்லை. நின்றுகொண்டே, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிறவர் மாதிரிச் சொன்னார்.

"நான் கொழும்புக்குப் போகேல்லை டொக்டர். என்னைப் பொலிசிலை வைச்சிருந்தவை. காலமை தொடக்கம். சலம் போகக் கேக்காமல் அடக்கிக்கொண்டு இருந்தனான். பிறகு அடைச்சுப்போச்சு. குழாய் போட்டுத்தான் எடுத்தவை. அதுக்குப் பிறகுதான் இரத்தம் குடுத்தது. இப்பவும் எரியுது."

டொக்டர் பேனையை மேசையில் போட்டார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது.

"என்ன மனுஷன் ஐயா நீங்க? நான் கேட்டேனே. அடைச்சதா, குழாய் போட்டதா எண்டு வாய்விட்டுக் கேட்டேனே! நாளைக்கு உங்கள ஊசியால குத்தியிருப்பாங்க. கிருமியோட ஈக்கிற சுரப்பியில குத்தினா காய்ச்சல் இரத்தத்துல ஏறி ஆள் போகவும் ஏலும். தெரியுமா?"

"இப்பதான் தெரியும்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். குரல் தணிந்தது. "இந்தப் பதினேழ இப்ப வாசிக்கவே ஏலாது. அடைப்பாலயும் குழாயாலயும் கிருமியாலயும் ஏறின எண். அதுக்குள்ள கேன்சர் ஈக்கா இல்லையா எண்டு நான் மட்டுமில்ல, யாரும் சொல்ல ஏலாது. கொழும்புக்குப் போறத நிப்பாட்டுங்க. மருந்து தாறேன், முழுக்கக் குடிச்சு முடிங்க. சுரப்பி ஆறட்டும். ரெண்டு மாசம் போல விட்டு இன்னொருக்கா இரத்தம் எடுப்போம். அப்பயும் ஏறியே இருந்தா, அப்ப பயப்படுவோம்."

"ரெண்டு மாசம் சும்மா இருக்கிறதோ டொக்டர்?" என்று இரஞ்சிதம் கேட்டாள்.

"சும்மா இல்ல. மருந்து குடிச்சிட்டு இருக்கிறது." பிறகு நவரட்ணராஜாவைப் பார்த்துச் சொன்னார். "என்னையும் தொண்ணூத்தெட்டுல ரோட்டுல நிப்பாட்டி ஒரு மணித்தியாலம் வெயில்ல வெச்சாங்க ஐயா. நானும் வீட்டுல சொல்லல்ல."

அந்த இரண்டு மாதத்தை இரஞ்சிதம் எப்படிக் கழித்தாள் என்று கேட்காதீர்கள். கோயிலுக்கு நேர்ந்தாள், கத்தோலிக்கத் தேவாலயத்திலும் மெழுகுதிரி கொளுத்தினாள், சகீனாவிடம் சொல்லித் துஆ கேட்கச் செய்தாள். எந்தக் கடவுளையும் விட்டுவைக்கவில்லை. நவரட்ணராஜா மருந்தைக் குடித்தார், பத்திரிகை வாசித்தார், வீட்டுப் பின்புறம் ஒழுகிய பைப்பைத் திருத்தினார். சகீனாவின் புருஷன் வந்து பக்கத்தில் நின்று, பொலிசைப்பற்றி ஒன்றும் கேட்காமல், ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார். எரிவு நின்றது. இரவில் எழும்புவது குறைந்தது. ஆனால் அவர் மனதில் பயமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. தபால் வராத வீட்டுப் பெட்டி மாதிரி இருந்தார்.

இரண்டாம் முறை கடுதாசியை டொக்டர் திருப்பித் தள்ளவில்லை. தானே வாசித்தார். "மூணு தசம் ஆறு."

இரஞ்சிதம் வாய்விட்டு அழுதுவிட்டாள்.

"நாலுக்குள்ள எண்டதுக்காக ஒண்டும் இல்லவே இல்ல எண்டு நான் எழுதித்தர ஏலாது," என்றார் டொக்டர். "அண்ணனுக்கு வந்திருக்கு. அதால அரை வருஷத்துல ஒருக்கா, பொறகு வருஷா வருஷம் பார்ப்போம். ஆனா பதினேழு இப்பிடி இறங்கினா, அது கிருமியும் அடைப்பும் ஏத்தின எண்தான். கேன்சர் தானா இறங்கி வாறதில்ல. போய்ச் சந்தோஷமா இருங்க."

நவரட்ணராஜா, "சரி டொக்டர்," என்றார். சந்தோஷமாக இருக்கச் சொல்கிறார்கள். இருந்து பார்க்கலாம் என்றுதான் எண்ணினார். பஸ் ஸ்டாண்ட்வரை நடந்தார், ஒன்றும் வரவில்லை. இரஞ்சிதம் வழியில் கொழுக்கட்டைக்கு மா வாங்கினாள். அதைச் சுமந்துகொண்டு நடந்தார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்தார்கள். வழக்கம்போல எல்லோரையும் இறங்கி அடையாள அட்டையோடு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். வரிசை அசையவில்லை. முன்னால் யாரையோ தனியே எடுத்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நவரட்ணராஜாவுக்குச் சலம் முட்டியது. டவுனில் குடித்த தேத்தண்ணி. அவர் காலை மாற்றி மாற்றி நின்றார். இரஞ்சிதம் கவனித்தாள். "பொறுங்கோ, இப்ப விட்டிடுவங்கள்," என்று முணுமுணுத்தாள்.

அவர் பொறுக்கவில்லை. வரிசையை விட்டு ஓரடி வெளியே வந்தார். வரிசை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. துவக்கோடு நின்ற ஆமிக்காரன் திரும்பினான். நவரட்ணராஜா கையை உயர்த்தி, மாநகரசபையில் பழகிய நல்ல சிங்களத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி, "மஹத்தயா, எனக்குச் சலம் போகவேணும்," என்று கேட்டார்.

ஆமிக்காரன் அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு மணல்மூட்டைக்கு அப்பால் ஆற்றோரப் பற்றையைக் கையால் காட்டினான். "யன்ன சீயா," என்றான். போங்கள் தாத்தா.

அவ்வளவுதான். கேட்க இருந்தது அவ்வளவுதான்.

நவரட்ணராஜா பற்றைக்குப் பின்னால் போய் நின்றார். தடையில்லாமல் போயிற்று. கீழே மகாவலி கலங்கலாக ஓடியது. போய் முடிந்ததும் காற்சட்டையைச் சரிசெய்தார். பொத்தானைப் பூட்ட முடியவில்லை. அன்றைக்கு வாங்கில் இருந்தபோது வராத பயம், பம்ப் அறையிலும் எரிந்த வீட்டடியிலும் வராத பயம், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இப்போது வந்தது. கண்ணீர் முட்டிக் கன்னத்தில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கத் தெரியாமல் நின்றார்.

இரஞ்சிதம் பொறுக்கமாட்டாமல் பின்னால் வந்துவிட்டாள். "என்னப்பா? திரும்பவும் அடைச்சுப்போச்சோ?"

"இல்லை."

"அப்ப ஏன் அழுறியள்?"

"எனக்குப் பயமாக் கிடக்கு இரஞ்சி."

கலியாணம் கட்டிய நாள்முதல் அவள் அவருடைய வாயால் கேட்டிராத சொல் அது. அவள் மாப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய காற்சட்டைப் பொத்தானைத் தானே பூட்டிவிட்டாள்.

"எனக்கும்தான்," என்றாள். "வாங்கோ, பஸ் வெளிக்கிடப் போகுது."